கீரைக்கடை ஃப்ளெக்ஸின் கடைசி வரி

மயிலாப்பூர் தெப்பக்குளத்தை ஒட்டிய தெருவில், என் அம்மாவின் கீரைக்கடைக்குப் பின்னால், இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. அதில் என் புகைப்படம் இருக்கிறது. அந்தத் தெருவில் தலைவர் பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். பூனைக்காலி விதைக்காகக் கட்டிய ஃப்ளெக்ஸ் அது ஒன்றுதான்.

நான் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போனதில்லை. அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே இறந்துவிட்டார். சாந்தோம் பக்கம் ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு. நானும் அம்மாவும் மட்டும். இதையெல்லாம் யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறவள் இல்லை நான். கேட்காவிட்டாலும் சொல்வேன். அந்தப் பெருமை எங்களுக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை நடுக்குவாதம் பற்றியது. பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்வார்கள். மூளையின் ஒரு சின்னப் பகுதியில் இருக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் இறுகிப்போகும். பூனைக்காலி என்ற கொடியின் விதையில், இந்த நோய்க்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரையில் உள்ள அதே மருந்து இயற்கையாகவே இருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த பழைய செய்தி. நான் தேடுவது வேறு. அந்த மருந்தைத் தவிர அந்த விதையில் வேறு ஏதாவது சேர்மம் இருந்து, செல்கள் அழிவதையே தள்ளிப்போடுமா என்பது என் கேள்வி. விதையை அரைத்துச் சாறெடுத்து, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கும் செல்கள்மேல் விடுவேன். பிறகு அந்தச் செல்களைக் கொல்லும் நஞ்சு ஒன்றை விடுவேன். மறுநாள் எவ்வளவு பிழைத்திருக்கின்றன என்று பார்ப்பேன். ஒரு பகுதிச் சாறு விட்ட தட்டுகளில் கூடுதலாகப் பிழைத்திருந்தன. திரும்பத் திரும்பச் செய்தும் பிழைத்திருந்தன. அவ்வளவுதான் நான் கண்டது. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தட்டை முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்த காலை, கூடத்தில் யாரும் இல்லாத தைரியத்தில் ஒருமுறை குதித்தேன்.

சென்ற ஆண்டு கோடையின் தொடக்கத்தில் ஒரு கருத்தரங்கு. எங்களைப் போன்ற மாணவர்கள் செய்த வேலையை ஆளுயரத் தாளில் அச்சடித்து ஒட்டி, அதன் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். தாள் கசங்கும் என்று நான் தி.நகரில் ஒரு கடையில் ஃப்ளெக்ஸாகவே அடித்தேன். என் பேராசிரியை அதற்கு முன் வரைவைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "கடைசி வரியைப் பெரிசாப் போடு. எல்லார் கண்ணிலயும் படணும்." அந்தக் கடைசி வரி ஆங்கிலத்தில் இருந்தது. இவை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் மட்டுமே கண்ட முடிவுகள், மனிதர்களிடம் சோதிக்கப்படவில்லை என்பது அதன் பொருள்.

ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர், "மேடம், போட்டோ இவ்ளோ சின்னதா இருந்தா ஸ்டாம்ப் மாதிரி இருக்கும். பெருசு பண்ணட்டா?" என்றார்.

"இடம் இருக்கா?"

"கீழ இந்த லைன கொஞ்சம் சுருக்கினா இருக்கு."

"சுருக்குங்க" என்றேன்.

கருத்தரங்கில் அந்த வரியின் அளவு யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. அங்கே வந்தவர்களுக்கு அந்த வரி இல்லாமலேயே அது தெரியும். மூன்று நாள் கழித்து ஃப்ளெக்ஸைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்தினேன். அம்மா அதைப் பிரித்துத் தரையில் விரித்தாள். என் படத்தைப் பார்த்தாள். விதையின் படத்தைப் பார்த்தாள். வரைபடத்தில் மேலே ஏறும் கோட்டைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு இன்னாடி?"

"அது மேல போனா நல்லதும்மா."

"அப்ப நல்லாத்தான் போய்க்கினு கீது" என்றாள். பிறகு, "இத எனக்குக் குடுத்துடு. காலைல வெயிலு முதுகப் பொளக்குது. கடைக்குப் பின்னால கட்டிக்கிறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. நான் படித்துக்கொண்டே இருப்பதை ஒரு குறையாகப் பார்த்த தெரு அது. அங்கே என் படம் தொங்கப்போகிறது என்று நினைத்ததும் உள்ளுக்குள் இனித்தது. மறுநாள் பஸ்ஸுக்குப் போகும் வழியில் நின்று, கழி நேராக இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தேன்.

பக்கத்தில் பூ விற்கும் அக்கா கையைத் தட்டினாள். "இன்னா சைன்டிஸ்ட்டு! எலெக்சன்ல நிக்கிறியா? ஓட்டு எங்க போடணும்?"

"உனுக்கு ஓட்டே கெடையாது போ" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கீரைக்கட்டு வாங்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அவளே ஆரம்பித்தாள். "என் பொண்ணுதான் அது. இந்த வெதையிலருந்து மருந்து கண்டுபுடிக்கிறா. கை நடுக்கத்துக்கு."

ஒரு வாரம் போயிருக்கும். அன்று சனிக்கிழமை, நானும் கடையில் இருந்தேன். ஒரு மாமி வந்தார். கீரைக்கடை வைப்பதற்கு முன்னால் அம்மா அவர் வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். நல்லவர். என் பள்ளிப் புத்தகங்களில் பாதி அவர் வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்தவை. ஆனால் நான் எம்.எஸ்சி. சேர்ந்தபோது, "டிகிரி போறுமே. நீ மேல மேல படிச்சிண்டே இருந்தா, அம்மா எத்தனை நாள் வெயில்ல உக்காந்துண்டு கீரை விப்பா?" என்று கேட்டவரும் அவர்தான். பதில் இல்லாத கேள்வி என்பதால்தான் அது அத்தனை வருஷம் உறுத்தியது.

முளைக்கீரை எடுக்கக் குனிந்த மாமி நிமிரவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஃப்ளெக்ஸின் அடியில் இருந்ததைப் படித்தார்.

"ஏண்டி கொழந்தே, கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே. லேப்ல வளர்த்த செல்லுல பார்த்ததுதான், மனுஷாளுக்குக் குடுத்துப் பார்க்கலைன்னு. அப்போ இது நடுக்கத்துக்குக் கேக்குமா கேக்காதான்னு இன்னும் தெரியாதுன்னுதானே அர்த்தம்?"

மிகச் சரியான கேள்வி. கருத்தரங்கில் யாராவது கேட்டிருந்தால், "ஆமாம்" என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பேன். இங்கே பூக்கார அக்கா சரம் தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியின் முன்னால் "தெரியாது" என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

"அதெல்லாம் முறைக்குப் போடுறது மாமி. எல்லா போஸ்டர்லயும் அப்படி ஒரு லைன் இருக்கும்" என்றேன்.

"முறைக்கா?" என்றார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி. படிச்சவ சொல்றே." கீரையைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"பாத்தியா, எப்டி பதில் சொல்றா பாரு" என்றாள் அம்மா, பூக்கார அக்காவிடம்.

அந்தப் பதிலை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது எனக்கு எட்டு மாதம் தெரியாது.

இடையில் நான் பார்க்காமல் விட்டவற்றைச் சொல்ல வேண்டும். கீரைக்கடைக்காரர்களுக்கு நாள் முழுக்க ஒரு வேலை உண்டு. வாளித் தண்ணீரில் கையை நனைத்துக் கட்டுகள்மேல் உதற வேண்டும். இல்லாவிட்டால் கீரை வாடிவிடும். அம்மா வலது கையால் உதறிக்கொண்டே இருப்பாள். வாடிக்கையாளர் பேசும்போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், பத்து நிமிஷத்துக்கு முன் உதறிய கட்டுமேலேயே மறுபடியும் உதறுவாள். கீரை அழுகிவிடப் போகிறது என்று பூக்கார அக்காகூடத் திட்டியிருக்கிறாள். நான் அதைத் தொழில் அக்கறை என்று நினைத்தேன்.

கொத்தமல்லி விஷயமும் உண்டு. இரண்டு வருஷமாகவே அம்மா காலையில் ஒரு கொத்தை என் மூக்கில் நீட்டி, "வாசனையா கீதா பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோயம்பேட்டில் கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொன்னவள் அவள். "நேரமாச்சும்மா, நல்லாத்தான் இருக்கு" என்று பையை மாட்டிக்கொண்டு ஓடுவேன். ஓடிப்போய், ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குப் பாடம் எடுப்பேன். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே முகரும் திறன் மங்கிவிடலாம் என்பது என் பாடத்தின் முதல் ஸ்லைடிலேயே இருக்கும்.

நான் அதைப் பார்த்தது ஒரு மழை நாளில். கார்த்திகை மழை விடாமல் பெய்தது. தார்ப்பாயிலிருந்து ஒழுகி, கீரையெல்லாம் தானாகவே நனைந்திருந்தது. உதற வேலையில்லை. அம்மாவின் கை மடியில் சும்மா கிடந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசைந்துகொண்டே இருந்தன. நான் குடையோடு அப்படியே நின்றேன். அந்த அசைவின் பெயர் எனக்குத் தெரியும். வீடியோவில் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

"எவ்ளோ நாளாம்மா?"

"இன்னாது?" கையைச் சட்டென்று முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"கை."

"குளுருது, அதான்."

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குப் போனோம். இளம் டாக்டர் ஒருவர் அம்மாவை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். நான் நினைத்ததையே சொன்னார். மாத்திரை எழுதும்போது தலையைத் தூக்காமலே கேட்டார். "நாட்டு மருந்து, பொடி, கஷாயம் ஏதாச்சும் சாப்பிடறாங்களா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்ல சார். நான் இதே நோயிலதான் ரிசர்ச் பண்றேன். அப்படியெல்லாம் விடமாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வாரம் மாத்திரை நன்றாக வேலை செய்தது. அம்மாவின் நடை லேசானது. பிறகு காலையில் வாந்தி வந்தது. எழுந்தால் தலை சுற்றியது. உட்கார்ந்திருக்கும்போது கழுத்தும் தோளும் தாமாக நெளிந்தன. பூக்கார அக்கா, "இன்னாக்கா, பாட்டே இல்லாம ஆடுற!" என்று கிண்டல் செய்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் மாத்திரை உடம்புக்குப் பழக நாளாகும் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன். டாக்டரிடம் போவதற்குக் குறித்த நாள் இன்னும் பத்து நாளில் இருந்தது. அதுவரை பொறுக்கலாம் என்று முடிவு செய்ததும் நான்தான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே, அம்மா கட்டு எடுத்துக் கொடுக்க எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சரிந்தாள். பூக்கார அக்கா போனில் கத்தியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அடையாறிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது, அம்மா நடைபாதையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பும் முன், கடையை ஒதுக்கிவைக்கக் கோணியைத் தூக்கினேன். அடியில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. மூடியைத் திறந்ததுமே தெரிந்தது. நான்கு வருஷமாக என் கையில், சட்டையில், கனவில் இருக்கிற வாசனை.

"இது எப்படிம்மா வந்துச்சு?"

பூக்கார அக்காதான் சொன்னாள். "உன் மருந்துதான? ஃப்ளெக்ஸ போன்ல போட்டோ புடிச்சிக்கினு போயி, நாட்டு மருந்துக் கடையில காட்டி வாங்கியாந்துச்சு. காலைல ஒரு ஸ்பூனு, சாயந்தரம் ஒரு ஸ்பூனு. கோடையிலருந்து சாப்டுக்கினு கீது. உனுக்குத் தெரியாதா?"

ஆட்டோவில் போகும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். கை நடுங்குவது அவளுக்கு ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பே தெரியும். என் படிப்பு முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று இருந்தாள். விதையின் படத்தைப் பார்த்ததும், சாமியே வழிகாட்டியதுபோல இருந்ததாம். ஆனாலும் வாங்க யோசித்திருக்கிறாள்.

"அந்த மாமி கேட்டாங்க இல்ல, மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கலையான்னு. நீ தான சொன்ன, அதெல்லாம் முறைக்குன்னு. அன்னிக்கே போயி வாங்கினேன்."

ஆட்டோ சிக்னலில் நின்றது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுக்கம் கொறஞ்சுதுடி. நெஜமா. மழைல மருந்துக் கடையில சரக்கு இல்லாத வாரம்தான் நீ பாத்துட்ட."

"டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீதான் இல்லைன்னுட்டியே. நான் கீதுன்னு சொன்னா உன் பேரு இன்னாவறது? அவரு வேற உன் மருந்த வுட்டுடச் சொல்லிட்டாருன்னா?"

மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட பிறகு, நரம்பியல் பிரிவில் அதே டாக்டரிடம் பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "இதுலயும் அதே மருந்துதான் இருக்கு. நம்ம மாத்திரையில, அந்த மருந்து மூளைக்கு முழுசாப் போய்ச் சேர ஒரு துணை மருந்தும் இருக்கு. அது இந்தப் பொடியையும் சேர்த்துத் தூக்கிவிட்டிருக்கு. வாந்தி, தலைசுத்தல், நெளியறது எல்லாம் அதனாலதான். ஒரு ஸ்பூன்ல எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்" என்றேன். அந்தச் சொல்லை முதன்முறையாகச் சொன்னேன். ஒவ்வொரு கொடிக்கும், ஒவ்வொரு அறுவடைக்கும், அரைக்கிற விதத்துக்கும் அளவு மாறும் என்பது என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம். பாட்டிலில் இருந்ததை ஒரு நாள் கூடத்தில் அளந்துபார்க்கலாம் என்ற யோசனை அந்த நேரத்திலும் எனக்கு வந்தது. என்னையே எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

பொடியை நிறுத்தி, மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். கட்டுப் போட்ட கையோடு அம்மா வீட்டில் இருந்த நாட்களில் நான் விடுப்பு எடுத்தேன். அவளுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது அவளிடம் விளக்க முயன்றேன். நான் செய்வதை அதுவரை தமிழில் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. தட்டு, செல், நஞ்சு, பிழைத்தவை.

"மூளையா அது?"

"இல்லம்மா. மூளையிலருந்து எடுத்ததுகூட இல்ல. நரம்பு செல் மாதிரி இருக்கும், அவ்ளோதான்."

"அது நடக்குமா? சாப்புடுமா?"

"இல்ல."

"அப்ப அதுங்க பொழச்சா நமக்கு இன்னா?"

"நமக்கும் ஒரு நாள் உதவலாம். உதவாமலும் போகலாம். எனக்குத் தெரியாதும்மா."

ரொம்ப நேரம் மென்றாள். பிறகு, "தெரியாததுக்கா இத்தினி வருசம் படிக்கிற?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது. பொடியைப் பற்றி அவள் வேறு சிலரிடமும் சொல்லியிருக்கிறாள். கீரை வாங்க வருகிறவர்கள்தான். ஒருவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு அம்மா, டாக்டரைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று வந்து சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆள் ஒருவர். கோபாலபுரம் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வருவார், தலைக்குத் தொப்பி போட்டிருப்பார். அவர் அப்பாவுக்குக் கை நடுக்கமாம். ஃப்ளெக்ஸில் விதையின் படத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

"அப்புறம் வந்தாரா?"

"மழைக்கு முன்னால வந்தது. அப்புறம் காணோம்."

அவர் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. எந்தத் தெரு என்றும் தெரியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரத்துத் தெருக்களில் நடந்தேன். நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தேன். பூனைக்காலிப் பொடி வாங்குகிறவர்கள் பல பேர், முகம் யாருக்கு நினைவிருக்கும் என்றார்கள். அவர் படம் எடுத்தபோது கடைசி வரி அதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் படிக்கிற அளவில் இருந்திருக்காது. அந்த இடத்தில்தான் என் முகம் பெரிதானது.

அம்மா கடைக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிடலாம் என்றேன். "வெயிலுக்கு இன்னா பண்றது?" என்றாள். அந்தத் தொப்பிக்காரர் வந்தால் தேடி வரப்போவதும் இந்த ஃப்ளெக்ஸைத்தான் என்று எனக்கும் தோன்றியது. கெட்டியான கறுப்பு மார்க்கர் வாங்கி வந்தேன். கடைசி வரிக்கு மேலே, வெள்ளையாக இருந்த பட்டையில், தமிழில் எழுதினேன். இடம் போதாமல் என் புகைப்படத்தின் பாதி அதற்குள் போனது.

இது தட்டில் வளர்த்த செல்களில் மட்டும் பார்த்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் இந்த விதையைச் சாப்பிடாதீர்கள்.

பூக்கார அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அப்ப இது மருந்து இல்லியா?"

"இப்ப இல்லக்கா. ஆகுமா ஆகாதான்னு தெரியாது."

"அட, நானும் மூட்டு வலிக்குக் கேக்கலாம்னு இருந்தேனே!" என்று கையை விரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மாமி வந்தார். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்துப் பதறினார், எப்படி விழுந்தாள் என்று கேட்டார். அம்மா, "மழைல வழுக்கிடுச்சு மாமி" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் சொன்னேன்.

"இல்ல மாமி. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அந்த வரி முறைக்குப் போடுறது இல்ல. நீங்க படிச்சதுதான் சரி. நான் சொன்னதக் கேட்டு அம்மா பொடி வாங்கிச் சாப்பிட்டாங்க. அதனாலதான் விழுந்தாங்க."

எதிரே கடை போட்டிருந்த காய்கறிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாமி புதிதாக எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரியும்டி. நீ பதில் சொன்ன வேகத்துலயே தெரிஞ்சுடுத்து. சின்னப் பொண்ணு, நாலு பேர் முன்னாடி எதுக்குன்னு வாயை மூடிண்டு போயிட்டேன். இவ கேட்டுண்டு இருக்காங்கிறது எனக்குத் தோணலை." அம்மாவின் நல்ல கையைத் தொட்டார். "ரெண்டு கட்டு முளைக்கீரை குடு."

மாமி ஏமாறவில்லை, ஏனென்றால் அவரால் அந்த வரியைப் படிக்க முடிந்தது. படிக்க முடியாதவள், படித்த மகளை நம்பினாள். இதை எத்தனை விதமாக மாற்றி எழுதிப் பார்த்தாலும் இந்த இரண்டு வாக்கியமாகத்தான் வந்து நிற்கிறது.

மாமி போன பிறகு அம்மா கொதித்தாள். "யாராண்ட வேணா சொல்லிக்கோ. அவங்களாண்ட ஏண்டி சொன்ன? அவங்க வூட்டுல தேச்ச பாத்திரத்துக்கு இப்பத்தான்டி நான் தலை நிமுந்து உக்காந்தேன்."

"பொய்யா உக்காந்தும்மா?"

"எனுக்கு அது பொய் இல்ல" என்றாள்.

இப்போது அம்மாவின் போனில் மாத்திரைக்கு மூன்று வேளையும் அலாரம் அடிக்கிறது. அடித்ததும் பூக்கார அக்காவே தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுகிறாள். வலது கை நடுங்குகிறது. பொடி சாப்பிட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடுங்குகிறது என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அந்த விதை பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நான் மறுபடியும் கூடத்துக்குப் போகிறேன், விதையை அரைக்கிறேன். பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுத்த போஸ்டரின் வரைவைக் கொண்டுவரச் சொன்னார்.

காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது கடையில் நிற்கிறேன். கொத்தமல்லியை நீட்டுகிறாள். முகர்ந்து, எப்படி இருக்கிறது என்று சரியாகச் சொல்கிறேன். பிறகு ஃப்ளெக்ஸின் அடியைப் பார்க்கிறேன். நான் எழுதிய வரிகளுக்கு முன்னால் முருங்கைக்கீரைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். என் படமும் விதையும் ஏறும் கோடும் மட்டும் தெரியும். நான் கட்டுகளை எடுத்து இந்தப் பக்கம் வைக்கிறேன். அம்மா தண்ணீரில் கையை நனைத்து உதறுகிறாள். மறுநாள் கட்டுகள் மறுபடியும் அங்கேயே இருக்கின்றன.

இன்று காலையும் நகர்த்தினேன். தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் தொப்பி போட்ட ஒருவர் ஸ்கூட்டரைக் கடை முன்னால் நிறுத்தினார். பஸ் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஓடினேன். அவர் இல்லை. வேறு யாரோ, கறிவேப்பிலை கேட்டுக்கொண்டிருந்தார்.